'மேக்' என்றால் செய்வது மட்டும்தானா?



நம்ம கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழு, மாவு அரைத்து விற்பதற்காக வங்கியில் கடன் எடுத்தாங்க. கடைக்காரர் கொடுத்த கிரைண்டர் கொட்டேஷனைக் கூட்டத்தில் வைத்துப் பார்த்தோம். விலை சரி. மோட்டார் குதிரைத்திறன் சரி. 'மேக்' என்ற இடத்துக்கு நேரே 'ரெபுடெட்' என்று போட்டிருந்தது. "மேக்னா செய்யுறது, ரெபுடெட்னா பேர் பெற்றது. நல்லா செஞ்ச மெஷின்னு எழுதியிருக்கு" என்று அர்த்தம் பண்ணிக்கிட்டு தீர்மானம் போட்டாச்சு. கூட்டமைப்பு அலுவலகத்தில் இருந்த நாங்களும் பார்த்தோம். எங்களுக்கும் அப்போது தெரியலை.

வந்து இறங்கின கிரைண்டரில் எந்தக் கம்பெனி பெயரும் இல்லை. மூணாவது மாதம் மோட்டார் எரிஞ்சு போச்சு. கேட்டதற்கு, "இன்ன கம்பெனி மெஷின் தர்றேன்னு நான் எழுதலையேம்மா" என்றார் கடைக்காரர். காயில் கட்டின செலவு குழுவின் தலையில் விழுந்தது.

அந்த ஒரு சொல்லைத்தான் இந்த மாதம் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

1. செய்வது, ஆக்குவது

இதுதான் எல்லோருக்கும் தெரிந்த அர்த்தம். நாம் சோறு ஆக்குகிறோம், தோசை சுடுகிறோம், கூடை பின்னுகிறோம், கயிறு திரிக்கிறோம், மாலை கட்டுகிறோம், ஊறுகாய் போடுகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் நமக்குத் தனிச் சொல் இருக்கு. ஆங்கிலத்தில் இவ்வளவுக்கும் 'மேக்' ஒன்றே போதும். இத்தனை வேலை பார்க்கிற சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

2. செய்த கம்பெனியின் பெயர்

கொட்டேஷனில், பில்லில், மோட்டார் மேல் அடித்திருக்கிற தகட்டில் 'மேக்' என்று வந்தால் 'எந்தக் கம்பெனி தயாரிப்பு' என்று அர்த்தம். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் 'மேக்கர்ஸ் நேம்' என்று இருப்பதும் இதுவே. இந்த இடத்தில் கம்பெனியின் பெயர்தான் இருக்கணும். 'ரெபுடெட்', 'ஸ்டாண்டர்டு' என்று மட்டும் இருந்தால், கடைக்காரர் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நாமே சம்மதித்த மாதிரி ஆகிவிடும். கம்பெனி பெயர், மாடல், வாரண்டி காலம் மூன்றையும் எழுதி வாங்கின பிறகுதான் தீர்மானம் போடணும்.

3. மேனுஃபாக்சர்

இதுவும் தயாரிப்பதுதான். "அது பெரிய ஃபாக்டரிக்காரங்களுக்குத்தான், நாம கையாலதானே செய்யுறோம்" என்று சிலர் நினைக்கிறாங்க. ஆனால் அந்தச் சொல் பிறந்ததே லத்தீன் மொழியில், கை என்று பொருள்படும் 'மனுஸ்' என்ற சொல்லிலிருந்து. 'கையால் செய்தது' என்பதே அதன் முதல் அர்த்தம்!

அதனால் சாம்பிராணி உருட்டுகிற நம் குழுவும் 'மேனுஃபாக்சரர்' தான். பாக்கெட்டில் 'மேனுஃபாக்சர்டு பை' என்றால் தயாரித்தவர். 'பேக்டு பை' என்றால் பொட்டலம் போட்டவர். 'மார்க்கெட்டட் பை' என்றால் விற்பவர். சாம்பிராணி, மெழுகுவர்த்தி மாதிரி உணவு அல்லாத பொருட்களில், தயாரித்தவர் ஒருவர், பொட்டலம் போட்டவர் வேறொருவர் என்றால், 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிப்படி இருவர் பெயரும் முகவரியும் இருக்கணும். நாம் செய்த பொருளில் வியாபாரி பெயர் மட்டும் இருந்தால், "எங்க குழு பேரு எங்கே?" என்று கேளுங்க. பெயர் இருந்தால்தான் அடுத்த ஆர்டர் நம்மைத் தேடி வரும்.

4. மேக் பேமெண்ட்

வங்கிக் கடிதத்தில் வரும். பணம் கட்டுங்க என்று அர்த்தம். பக்கத்தில் கடைசித் தேதியும் தொகையும் இருக்கும். அதை உடனே பாருங்க.

5. மேக் குட்

இதில்தான் ரொம்பக் கவனம் வேணும். பார்த்தால் 'நல்லா செய்' என்று சொல்கிற மாதிரி இருக்கும். ஒப்பந்தத்தில் 'மேக் குட் த லாஸ்' என்று வந்தால், 'நஷ்டத்தை ஈடுகட்டித் தரணும்' என்று அர்த்தம். யார் தரணும், எந்த நஷ்டத்துக்கு, எவ்வளவு வரைக்கும் என்று கேட்டுத் தெளிவான பிறகே கையெழுத்துப் போடணும். சரக்கு நம் கையை விட்டுப் போன பிறகு வழியில் கெட்டுப்போனாலும் நாமே பொறுப்பு என்று சில ஆர்டரில் எழுதியிருப்பாங்க.

6. மேக் ஓவர்

பியூட்டி பார்லரில் இது அலங்காரம். பத்திரத்தில் வந்தால், சொத்தையோ உரிமையையோ இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது! சொல் ஒன்றுதான். எந்தக் காகிதத்தில் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் அர்த்தம் சொல்ல முடியும்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்க:

* உங்கள் குழு வாங்கின மெஷினின் பில்லையும் தகட்டையும் எடுத்து, இரண்டிலும் 'மேக்' ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்க.
* வீட்டிலிருக்கிற மூன்று பாக்கெட்டைக் கொண்டுவந்து, தயாரித்தவர் யார், விற்பவர் யார் என்று கண்டுபிடிங்க.
* பத்தாவது படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம். அர்த்தம் சந்தேகமாக இருந்தால் அந்தக் காகிதத்தைக் கூட்டமைப்புக்கு எடுத்து வாங்க. சேர்ந்து பார்ப்போம்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதில் வெட்கம் எதுக்கு? அன்றைக்கு நாங்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், அந்தக் குழுவுக்குக் காயில் கட்டுற செலவு மிஞ்சியிருக்கும்.