விடுபட்ட வரி

கணிப்பொறிக்கு மனிதர் இடும் கட்டளைகளின் தொகுதியே நிரல் எனப்படும். அதனை மனிதர் படித்துணரத்தக்க வடிவிலேயே முதற்கண் எழுதுவர். அவ்வடிவம் மூலநிரல் ஆகும். வாணிக நிறுவனங்கள் பல மூலநிரலைத் தம்பாற் பூட்டிவைத்துக்கொண்டு, கணிப்பொறிக்கு மட்டுமே விளங்கும் வடிவினை விற்கின்றன. யாவரும் காணவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து மூலநிரலோடு வெளியிடப்படுவது திறமூல மென்பொருள்.

1991ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர், லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவினை மூலநிரலோடு வெளியிட்டார். அன்று அஃது ஏறத்தாழ 10,000 வரிகளே. இன்றோ ஆண்டிராய்டுக் கைப்பேசிகள் அனைத்தும் அதனை அடிப்படையாகக் கொண்டே இயங்குகின்றன. அதனை வளர்த்தோர், ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத பல்லாயிரவர்.

யாவரும் திருத்தலாம் எனின், அறியாதாரும் தீயோரும் அதனைக் கெடுத்துவிடாரோ என்னும் ஐயம் எழலாம். பொதுவில் வைத்த நிரலின்மேல் எவரும் நேரே கைவைத்தல் இயலாது. திருத்த விரும்புவோர் படி ஒன்று எடுத்துத் தம் கணிப்பொறியிலேயே திருத்துவர். பின்னர், நீக்கிய வரிக்குக் கழித்தற்குறியும் சேர்த்த வரிக்குக் கூட்டற்குறியும் இட்டு, மாறுபாட்டை மட்டும் தனியே பிரித்தெடுத்து அனுப்புவர். துணியின் கிழிசலுக்கு இடும் ஒட்டினைப் போன்றிருத்தலால் இதனைப் 'பேட்ச்' என வழங்குவர். ஓர் ஒட்டில் ஒரு திருத்தமே இருத்தல் வேண்டும். 'பிழை நீக்கப்பட்டது' என்று எழுதினாற் போதாது. பிழை யாது, அதனால் விளையும் தீங்கு யாது, இத்திருத்தம் அதனை எங்ஙனம் நீக்கும் என விளக்குதல் வேண்டும். ஈற்றில் தம் பெயரிட்டுப் பொறுப்பேற்றலும் வேண்டும். லினக்ஸில் இவ்வழக்கம் 2004 முதல் நிலவுகின்றது. மென்பொருளைப் பேணுவோர் ஒட்டினைப் படித்து வினா எழுப்புவர். குறை காணின் திருப்பி அனுப்புவர். புதியவர் உள்ளம் சோர்தல் இயல்பே. ஆயினும், அவையில் நூல் அரங்கேற்றிய பண்டைப் புலவர்க்கும் தடைகளுக்கு விடை கூறும் கடமை இருந்ததன்றோ!

இவ்வாய்வு ஒருமுறை தவறினால் விளையும் கேட்டிற்கு ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் திறமூல மென்பொருளின் வரலாறு சான்றாகும். கடவுச்சொல் முதலியவற்றை இணையத்தில் மறைத்து அனுப்ப உதவுவது அது. ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதற்குப் புதிய பகுதி ஒன்றை எழுதி அளித்தார். தொடர்பு அறாமல் உள்ளதா என அறிய, ஒரு கணிப்பொறி சிறு சொல் ஒன்றையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மற்றது அச்சொல்லை அவ்வாறே திருப்பி அனுப்பும். கூறப்பட்ட நீளம் மெய்தானா என்று அளந்து பார்க்கும் கட்டளை அந்நிரலில் விடுபட்டுப்போயிற்று. மூன்றெழுத்துச் சொல்லை அனுப்பி, 'இதன் நீளம் 60,000 எழுத்து' என்று ஒருவன் பொய் கூறினால், அக்கணிப்பொறி அதனை நம்பி, தன் நினைவகத்தில் அடுத்திருந்த பிறருடைய மறைச்செய்திகளையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும்! ஒட்டினை ஆய்ந்தவர் கண்ணுக்கும் இக்குறை தப்பியது. 2011 டிசம்பர் 31 அன்று நிரலிற் சேர்ந்த அப்பகுதி, 2012 மார்ச்சில் உலகெங்கும் பரவியது.

ஈராண்டுகள் எவரும் அறிந்திலர். 2014இல் கூகுள் நிறுவனப் பொறியாளர் ஒருவரும், பின்லாந்து நிறுவனம் ஒன்றினரும் தனித்தனியே அதனைக் கண்டனர். ஏப்ரல் 7 அன்று செய்தி வெளியாயிற்று. அதன்பின், குறைநீக்கம் முடியாதிருந்த வேளையில், கனடா நாட்டு வரித்துறையிலிருந்து ஏறத்தாழ 900 பேரின் காப்பீட்டு எண்கள் களவு போயின. எழுதிய மாணவர் ஒளிந்துகொள்ளவில்லை. பிழை தம்முடையதே என ஒப்புக்கொண்டார். அவரை மட்டும் பழித்தல் முறையன்று. உலகம் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு அந்நாளில் முழுநேரமும் உழைத்தவர் ஒருவரே. ஆண்டுதோறும் வந்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டாலர்.

தீர்வும் ஓர் ஒட்டாகவே வந்தது. கூறிய நீளம் வந்த செய்தியின் அளவை விஞ்சுமாயின் விடையிறாது விடுக என்பதே அதன் சாரம். அதன் குறிப்பிற் பிழை கண்டவர் பெயரும், திருத்தம் அமைத்த இருவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. மூலநிரலைத் திறப்போர் இன்றும் அவற்றைப் படிக்கலாம்.