கம்பியும் முறுக்கும்

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகள் கட்டடத்தின் சுவரினுள்ளும் கூரைக்கு மேலும் மறைந்து கிடப்பன. சுண்ணம் பூசி முடிந்தபின் அவற்றை நினைப்பாரிலர். ஆயினும் அவற்றுள் நேரும் சிறு பிழையொன்று பலரைப் பல்லாண்டு வருத்தக்கூடும் என்பதை யாம் கண்கூடாகக் கண்டோமாதலின், அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

இக்கேபிளின் மேலுறையை நீக்கி நோக்கின், உள்ளே எட்டுச் செப்புக் கம்பிகள் காணப்படும். அவை தனித்தனியே கிடப்பனவல்ல. இவ்விரண்டாக முறுக்குண்டு நான்கு இணைகளாய் உள்ளன. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்பன இணைகளின் நிறங்கள். ஒவ்வோர் இணையிலும் ஒரு கம்பி முழு நிறத்தது. அதன் துணை வெண்மை கலந்தது. முறுக்கு என்றவுடன் விடுதி மாணவர் சிலர்க்கு வேறொரு பொருள் நினைவிற்கு வரலாம். அதனை மாலைப்பொழுதிற்கு விடுக.

முறுக்குவது எற்றுக்கு? ஓரிணையிற் செல்லும் செய்தி, அதன் இரு கம்பிகட்கும் இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடே யாகும். புறத்தேயிருந்து வரும் மின்தொல்லை இரண்டன்மீதும் ஒத்த அளவிற் படின், வேறுபாடு மாறாது; செய்தியும் கெடாது. வெயிலடிக்கும் சாலையில் இருவர் பக்கம் மாறி மாறி நடப்பின் இருவர்க்கும் வெயில் ஒத்த அளவே படுமன்றோ? முறுக்கின் பயனும் அதுவே. அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே தொலைபேசிக் கம்பிகட்கு இம்முறையைக் காட்டி உரிமைப் பட்டயம் பெற்றார். நான்கு இணைகளும் அருகருகே ஓடுதலின், ஒன்றன் செய்தி மற்றொன்றிற் கசியாவண்ணம் ஒவ்வொன்றும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும்.

இனி, யாம் கண்டதனைக் கூறுவோம். நூலகமொன்றில் 24 இணைப்புக்கள் அமைக்கப்பட்டன. வேலை செய்தவர் கம்பிகளை ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என இணை இணையாக, 1 முதல் 8 வரையுள்ள இடங்களில் அழகாக அடுக்கினார். இரு முனையிலும் அவ்வாறே செய்தார். பின்னர்ச் சிறு விளக்குக் கருவியொன்றை மாட்டினார். எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. பணமும் கொடுக்கப்பட்டது.

பிழை யாதெனின், கணினி இணையாகக் கொள்வன 1, 2, 3, 6, 4, 5, 7, 8 என்பனவாம். தொலைபேசி வழக்கில் நடுவிலுள்ள 4, 5 முதல் இணைக்கு உரியனவாயிருந்தமையின், மற்றோரிணை அவற்றைத் தாண்டி 3, 6 என நின்றது. அவ்வழக்கே கணினிக்கும் வந்தது. நூலகத்திலோ, 3-இல் பச்சையும் 6-இல் நீலமும் அமைந்தன. தம் துணையல்லாத கம்பியோடு சேர்ந்து அவை செய்தி சுமந்தன. முறுக்கின் பயன் முற்றும் ஒழிந்தது. விளக்குக் கருவி கம்பி அறுபடாமையை மட்டுமே அறியும். எது எதனோடு முறுக்குண்டது என்பதை அஃது அறியாது.

ஈராண்டுகள் அந்நூலகத்தார் பட்ட பாடு பெரிது. முதலிற் கணினிகளைக் குறை கூறிப் புதியன வாங்கினர். பின்பு இணையம் வழங்குவோரோடு வாதிட்டனர். உதவித்தொகை விண்ணப்பத்திற்குரிய கடைசி நாளில் மாணவரொருவர் அனுப்பிய சான்றிதழ்கள் பாதியில் நின்றன. அவர்க்கு அவ்வாண்டு அது கிட்டவில்லை. பின்னரே, இணைகளுக்கிடையேயுள்ள கசிவை அளக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். முதல் இணைப்பை அளந்தவுடனே குற்றம் வெளியாயிற்று.

அமெரிக்காவில் 1991-இல் வெளிவந்த 568 என்னும் எண்ணுடைய விதிநூலும் அதன் பின்னைப் பதிப்புக்களும் நிற வரிசை இரண்டனைக் கூறும். எதனைக் கொள்ளினும் குற்றமில்லை, இரு முனையிலும் ஒன்றே யாதல் வேண்டும். முனையிற் பிரிக்கப்படும் முறுக்கு 13 மில்லிமீட்டரை, அஃதாவது அரை அங்குலத்தை, மிகலாகாது. சுவரினுள் நிலையாகச் செல்லும் நீளம் 90 மீட்டருக்கு உட்பட வேண்டும். இருபுறமும் செருகும் சிறு கேபிள்களோடு கூட்டி 100. வளைக்குமிடத்து வளைவின் ஆரம் கேபிளின் பருமனைப்போல் நான்கு மடங்கிற்குக் குறையலாகாது. இழுக்கும் வலிமை ஏறத்தாழ 11 கிலோ எடையளவிற்கு மேற்படின் முறுக்கு நெகிழும். ஆதலின் குழாயிற் சிக்கியதை இருவர் சேர்ந்து இழுப்பது வீரமன்று. செம்பு பூசிய அலுமினியக் கம்பியைச் செம்பென்று விற்பாருமுளர். அதனைச் சுரண்டிப் பார்ப்பின் வெண்மை தோன்றும்.

அவ்வேலையாள் செய்த நன்மை ஒன்றுண்டு. ஒவ்வொரு பெட்டியினுள்ளும் ஒரு சாண் கேபிளை மிகுதியாகச் சுருட்டி வைத்திருந்தார். அதனால் சுவரை இடியாமலே முனைகளை நறுக்கி, 24 இணைப்புக்களையும் இரு நாளில் திருத்த முடிந்தது.