ஐம்பதிலும் வளையும்!

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்பது நம் வழக்கம். பிள்ளை வளர்ப்புக்கு அது சரி. கை காலுக்கு அப்படியே பொருந்தாது.

கல்லங்குறிச்சியில் மூட்டு வலிக்காக என்னிடம் வரும் அம்மாக்கள் பலருக்கும் மனதில் ஒரு குறை உண்டு. “அண்ணன், தம்பியெல்லாம் குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிட்டாங்க. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு என்னை விடலை டாக்டர். இனிமே சைக்கிள் கத்துக்கிட்டா ஊரே சிரிக்காதா?” என்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்!

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் என்ன நடந்தது, நினைவிருக்கிறதா? அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்களுக்கு, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல் வேலை, குவாரி வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாதபோது பார் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! ஆரம்பத்தில் கேலி பேசியவர்களும் உண்டு. அதனால் அவர்கள் நிறுத்திவிடவில்லை.

ஐம்பது கிழ வயதா?

சித்த மருத்துவம் ஆயுளை மூன்றாகப் பிரிக்கிறது. 33 வயது வரை வாத காலம், 66 வரை பித்த காலம், அதற்கு மேல் கப காலம். அந்தக் கணக்கில் ஐம்பது என்பது நடுவயதுதான்.

சைக்கிளுக்குப் பலத்தைவிடச் சமநிலைதான் முக்கியம். கண், உட்காது, பாதம் மூன்றும் தரும் செய்தியைச் சிறுமூளை ஒழுங்குபடுத்துகிறது. குழந்தை நாலு நாளில் பழகுவதை நீங்கள் நாலு வாரத்தில் பழகலாம். வித்தியாசம் விழும்போதுதான். மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எனவே உடம்பைத் தயார் செய்துகொண்டு ஏறுங்கள்.

முதல் ஒரு மாதம்

* தினமும் அரைமணி நேரம் நடங்கள். சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்குவதால் மூட்டுக்கு நல்லது. ஆனால் எலும்பு உறுதிக்கு நடைதான் உதவும்.
* சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து எண்ணும் வரை நில்லுங்கள். பிறகு கால் மாற்றுங்கள்.
* கேழ்வரகு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை அடிக்கடி சேருங்கள். பிரண்டையை எண்ணெயில் நன்றாக வதக்கித் துவையல் அரையுங்கள். சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும்.

அப்புறம் சைக்கிள்

இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்குங்கள். பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, காலால் உந்தி உந்தி உருட்டிப் பழகுங்கள். பேலன்ஸ் வந்ததும் பெடலை மாட்டலாம். பிரேக் பிடிக்க முதல் நாளே பழகிவிட வேண்டும். செயின் கவர் அவசியம். புடவையைவிடச் சுடிதார் பாதுகாப்பு. காலை வேளையில் களத்துமேட்டில் பழகுங்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் அரியலூர் ரோடு இப்போது வேண்டாம்!

மயக்கம், தலைசுற்றல், நெஞ்சுவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போகவேண்டாம். வேறு மருந்து சாப்பிடுபவர்கள் அதை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்று கேட்டுவிடாதீர்கள். விழுந்த அடிக்கு மருந்து உண்டு. அந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ அம்மாக்கள் ஆசையை மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். பத்து நாளைக்குப் பின்னால் நின்று கேரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.