தைரொயிட் அறிக்கையை வாசிக்கப் பழகுவோம்

உயர்தர உயிரியலில் ஓமோன்கள் பற்றிய பாடத்தைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த இரத்த அறிக்கைகள் எனக்கு விளங்கத் தொடங்கின. ரி.எஸ்.எச். எண்ணுக்குப் பக்கத்தில் 'எச்' என்று இருந்தால், தைரொயிட் கூடுதலாகச் சுரக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது.

கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி ரி4, ரி3 ஆகிய ஓமோன்களைச் சுரக்கிறது. ரி.எஸ்.எச். அங்கே சுரப்பதில்லை. மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி, "இன்னும் சுர" என்று தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை அது. இரத்தத்தில் ரி4 குறைந்தால் கட்டளை கூடும். ரி4 கூடினால் கட்டளை குறையும். நாம் வகுப்பில் படிக்கும் எதிர்ப் பின்னூட்டல் இதுதான்.

ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1. ரி.எஸ்.எச். கூடி, ரி4 குறைந்தால்: தைரொயிட் போதாமல் சுரக்கிறது. களைப்பு, குளிர் தாங்காமை, உடல் எடை கூடுதல் ஏற்படலாம்.
2. ரி.எஸ்.எச். குறைந்து, ரி4 கூடினால்: மிகையாகச் சுரக்கிறது. படபடப்பு, வியர்வை, மெலிவு ஏற்படலாம்.
3. ரி.எஸ்.எச். மட்டும் சற்றுக் கூடினால்: ஆரம்பக் குறைபாடாக இருக்கலாம். வைத்தியர் பெரும்பாலும் மீண்டும் சோதிக்கச் சொல்வார்.
4. இரண்டும் குறைந்தால்: கோளாறு கபச்சுரப்பியில் இருக்கக்கூடும்.

வளர்ந்தோருக்கு ரி.எஸ்.எச். பொதுவாக லீற்றருக்கு 0.4 முதல் 4.0 மில்லி அலகுகள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இது சற்று மாறும். கர்ப்பிணிகளுக்கான அளவும் வேறு. எனவே அந்தந்த அறிக்கையில் அச்சிட்டுள்ள வீச்சுடனேயே ஒப்பிட வேண்டும். முடி வளர்ச்சிக்காகச் சிலர் எடுக்கும் பயோட்டின் மாத்திரையும் முடிவைப் பிழையாகக் காட்டலாம். அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

என் சாச்சிக்குத் தைரொயிட் குறைபாடு. ஒருமுறை அறிக்கை 'நோர்மல்' என்று வந்ததும், சுகமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் பழைய களைப்பும் முகவீக்கமும் திரும்பி வந்தன. எண் சரியாக இருந்ததே மாத்திரையால்தான். ரி4 இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் செல்லும். அதனால் மாத்திரையை நிறுத்தியதன் விளைவு உடனே தெரிவதில்லை. அளவை மாற்றினாலும் 6 முதல் 8 வாரங்களின் பின்னரே மீண்டும் சோதிக்கிறார்கள்.

இம்மாத்திரையை வெறும் வயிற்றில், தேநீருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னர் எடுக்க வேண்டும். இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கு 4 மணிநேர இடைவெளி வேண்டும். ரமழானில் நேரம் மாறுவதால், நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு வைப்பது நல்லது.

பழைய அறிக்கைகளை வீசிவிடாதீர்கள். திகதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து, வைத்தியரிடம் போகும்போது கொண்டுபோங்கள். ஓர் எண்ணை விட, அது ஏறி இறங்கிய வழியே அவருக்கு அதிகம் சொல்லும்.