உலர்திராட்சையில் கிடைத்த சர்க்கரை

கேள்வி: குளுக்கோஸை முதலில் கண்டுபிடித்தவர் யார்? அது பழத்தில் இருந்து எடுப்பதா, தொழிற்சாலையில் செய்வதா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: இரண்டும் உண்டு. பெர்லினில் ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப் 1747-இல் உலர்திராட்சையில் இருந்து பிரித்தெடுத்தார். பீட் கிழங்கிலும் கரும்புச் சர்க்கரையே இருக்கிறது என்று காட்டியவரும் அவர்தான். பேரும் புகழும் அதற்கே போய்விட்டன.

தொழிற்சாலைக் கதை 1811-இல் தொடங்குகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்க்காஃப் என்பவர் நீர்த்த கந்தக அமிலத்தில் மாவுச்சத்தைக் கொதிக்க வைத்தார். இனிப்புப் பாகு கிடைத்தது. போட்ட அமிலம் துளியும் குறையவில்லை. சுண்ணாம்புத்தூளைப் போட்டு அமிலத்தை முறித்து, அடியில் படிந்ததை வடிகட்டினால் சர்க்கரை தயார். நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் கரும்புச் சர்க்கரைக்கு ஐரோப்பா அல்லாடிய நேரம் அது.

குளுக்கோஸைக் கண்ணால் பார்க்க உங்கள் வீட்டுத் தேன் பாட்டிலே போதும். நாள்பட்ட தேனில் அடியில் வெள்ளையாக, நறநறவென்று உறைந்து நிற்பது அதுதான். கூடவே இருக்கும் ஃபிரக்டோஸ் தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் உறையாமல் நிற்கிறது. தேன் உறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் எமில் ஃபிஷர். குளுக்கோஸில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்ஸிஜன் 6. இதே அணுக்களை இதே வரிசையில் கோத்தாலும், பக்கங்களை மாற்றி மாற்றி வைத்து 16 சர்க்கரைகள் செய்யலாம். அவற்றில் குளுக்கோஸ் எது? வெறும் வேதிவினைகளை வைத்தே 1891-இல் ஃபிஷர் விடை சொன்னார். ஒன்று மட்டும் பாக்கி. விடையாக வந்த அமைப்புக்கு வலக்கை, இடக்கை போல ஒரு கண்ணாடிப் பிம்பமும் உண்டு; இரண்டில் எது அசல் என்று சொல்ல அன்றைக்கு வழியே இல்லை. அவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மேலே போய்விட்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார், 1919-இல் காலமானார். 1951-இல்தான் நெதர்லாந்தின் பைஃபூட் குழு எக்ஸ்ரே ஆய்வால் ஃபிஷரின் ஊகம் சரி என்று காட்டியது. தப்பாகியிருந்தால் பாடப்புத்தகப் படங்களையெல்லாம் திருப்பிப் போட்டு வரைந்திருக்க வேண்டும்!

அந்தப் பிம்பச் சர்க்கரையையும் ஆய்வகத்தில் செய்ய முடியும். நாக்கு இனிப்பு என்றுதான் சொல்லும். ஆனால் நம் செல்களால் அதை எரிக்க முடியாது.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு உப்புத் தண்ணீர் போதாதா? ஓ.ஆர்.எஸ். பொடியில் குளுக்கோஸ் எதற்கு?
– வாசகி, பரமக்குடி

பதில்: தெம்புக்காக அல்ல. சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே விடும்; பின்னாலேயே தண்ணீரும் போகும். 1960-இல் ராபர்ட் கிரேன் இதைச் சொன்னார். 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். ருசிக்காகக் கூடுதலாகச் சர்க்கரை போடாதீர்கள். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.