கை உழவு இயந்திரத்தின் கைபிடி அதிர்வைக் குறைத்தல்

கண்டி மாவட்டத்திலே வயல்கள் பெரும்பாலும் மலைகளுக்கிடையேயுள்ள ஒடுங்கிய பள்ளங்களிற் படிப்படியாக அமைந்துள்ளன. ஹத்தரலியத்த, கலகெதர, உடுநுவர முதலிய பகுதிகளில், நான்கு சில்லு உழவு இயந்திரம் திரும்புவதற்கு இடமில்லாத வயற்றுண்டுகள் பல உள. மாரஸ்ஸனப் பக்கத்துச் சரிவான மரக்கறித் தோட்டங்களின் நிலையும் இதுவே. ஆதலால் இப்பகுதிக் கமக்காரருக்கு இரு சில்லுக் கை உழவு இயந்திரம் இன்றியமையாததாயிற்று.

இவ்வியந்திரத்தை நம்மவர் எந்நாட்டிற் செய்யப்பட்டதாயினும் "லான்ட்மாஸ்டர்" என்றே அழைப்பர். இப்பெயர் வந்ததற்குக் காரணமுண்டு. இலங்கையிற் பிறந்த பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924-2010) 1950 களில் வடிவமைத்த இரு சில்லு உழவு இயந்திரம் இங்கிலாந்திலே இப்பெயருடன் உற்பத்தி செய்யப்பட்டது. சிறு வயலுக்கு ஏற்ற இயந்திரம் என்னும் எண்ணத்திற்கு நம் நாட்டவர் ஒருவர் உருக்கொடுத்தார் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்கதாகும்.

ஆயினும் இவ்வியந்திரத்தை நாள் முழுவதும் பிடித்து நடப்பவரின் கைகளைப் பற்றி நாம் போதியளவு சிந்திப்பதில்லை. பெரும்போக உழவு முடிந்த பின் இரவில் விரல்கள் விறைப்பதும், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு தோன்றுவதும் பலருக்கு உண்டு. "இயந்திரம் என்றால் அதிரத்தானே செய்யும்" என்று அதனைப் பொறுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கேடு விளைவிப்பது. அதிர்வின் பெரும்பகுதி தளர்ந்த ஆணிகளாலும், தேய்ந்த உறுப்புகளாலும், தகாத வேகத்தாலும் உண்டாவது. ஆகவே அதனைக் குறைத்தல் கமக்காரரின் கையிலேயே உள்ளது.

1. அதிர்வினால் கைக்கு உண்டாகும் தீங்கு

நிமிடத்திற்கு 2,200 முறை சுற்றும் எஞ்சின் ஒரு செக்கனில் ஏறக்குறைய 37 முறை கைபிடியை அசைக்கின்றது. ஒரு மணித்தியாலத்தில் 132,000 அசைவுகளும், நான்கு மணித்தியால உழவில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட அசைவுகளும் உள்ளங்கையைச் சேருகின்றன. இவ்வாறு போகந்தோறும், ஆண்டுதோறும் நிகழுமாயின் விரல்களின் நுண்ணிய நரம்புகளும் இரத்தக்குழாய்களும் பழுதடையும்.

1862 இல் பிரான்சிய வைத்தியரான மொரிஸ் ரேனோ, குளிரில் விரல்கள் வெளிறும் நோயை விவரித்தார். 1918 இல் அமெரிக்க வைத்தியரான அலிஸ் ஹமில்டன், இந்தியானா மாநிலத்தின் பெட்போர்ட் என்னும் ஊரிற் காற்றமுக்கச் சுத்தியலாற் சுண்ணக்கல் வெட்டிய தொழிலாளரை ஆராய்ந்து, அவர்களின் விரல் வெளிறுதலுக்குக் கருவியின் அதிர்வே காரணமெனக் காட்டினார்.

நோய் படிப்படியாக வளரும். முதலில் வேலை முடிந்தபின் சிறிது நேரம் கூச்சம் இருந்து மறையும். பின்னர் விறைப்பு இரவிலும் நீடிக்கும். அதன்பின் சட்டைப் பொத்தானைப் பூட்டுதல், நாற்றை எண்ணிப் பிரித்தல், சிறிய விதைகளை எடுத்தல் ஆகியன கடினமாகும். குளிர்ந்த காலையிலும் குளிர்நீரிலும் விரல்நுனி வெண்ணிறமாகலாம். வெப்ப நாடுகளில் விரல் வெளிறுதல் குறைவாகவும், விறைப்பும் கூச்சமும் மிகுதியாகவும் காணப்படும். ஆகவே விரல் வெளிறவில்லை என்பதனால் தீங்கில்லை என்று கருதுதல் பிழையாகும். தொடக்கத்தில் அதிர்வைக் குறைத்தால் கை தேறும். முற்றிய நரம்புப் பழுது பெரும்பாலும் மாறுவதில்லை.

2. அதிர்வு எங்கிருந்து வருகின்றது?

கை உழவு இயந்திரங்களில் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் எஞ்சினே உண்டு. அதிலே ஒரே பிஸ்டன் மேலுங் கீழுமாக ஓடி நிற்பதால் எஞ்சின் முழுவதும் உலுக்கப்படும். உற்பத்தியாளர் இதனைச் சமப்படுத்த எதிரெடை வைத்திருப்பினும், முழுமையாகச் சமப்படுத்த இயலாது. இஃது இயல்பான அதிர்வாகும்.

இதனோடு வேறு மூன்று காரணங்கள் சேருகின்றன. முதலாவது, எஞ்சினையும் கைபிடியையும் பிணைக்கும் ஆணிகள் தளர்தல். இரண்டாவது, உழும் கத்திகளும் சில்லுகளும் பழுதுபடுதல். மூன்றாவது, கைபிடியின் இயல்பசைவோடு எஞ்சினின் வேகம் ஒத்துவிடுதல்.

மூன்றாவதனை ஓர் ஊஞ்சலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஊஞ்சல் திரும்பி வருந்தோறும் தக்க தருணத்தில் மெல்லத் தள்ளினாலும் அது மென்மேலும் உயர்ந்து ஆடும். தருணந் தப்பித் தள்ளினால் அவ்வளவு ஆடாது. நீண்ட குழாயாகிய கைபிடிக்கும் தனக்கென ஓர் ஆடும் வேகம் உண்டு. எஞ்சினின் உலுக்கல் அவ்வேகத்தோடு பொருந்தினால் கைபிடி மிகுதியாக அதிரும். வேகத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ விட்டால் அதிர்வு தணியும்.

3. காரணத்தைக் கண்டறியும் முறை

பணஞ் செலவிடுமுன் பின்வரும் மூன்று சோதனைகளைச் செய்க.

(அ) இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, கியரைப் பூட்டாது எஞ்சினை இயக்குக. வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டுக. கைபிடி மிக அதிரும் இடத்தை வேகநெம்பின் பக்கத்திற் தீந்தையால் அடையாளமிடுக. இந்நிலையிலேயே எல்லா வேகத்திலும் அதிர்வு மிகுந்திருப்பின், எஞ்சினிலும் அதன் ஆணிகளிலும் காரணத்தைத் தேடுக.

(ஆ) கத்திகளை இயக்காது, சமமான பாதையிற் சிறிது தூரம் ஓட்டுக. இப்போது மட்டும் அதிர்வு கூடினால் சில்லு, டயர், அச்சு ஆகியவற்றைப் பார்க்குக.

(இ) வயலில் இறக்கி உழுக. இப்போது மட்டும் அதிர்வு கூடினால் கத்திகளிலோ, மண்ணின் ஈரத்திலோ குறையுண்டு.

4. உறுப்புகளைச் சீர்செய்தல்

பெல்ட்டையோ கத்தியையோ தொடுமுன் எஞ்சினை நிறுத்துதல் கட்டாயமாகும்.

எஞ்சினை அடித்தட்டிற் பிணைக்கும் ஆணிகளையும், கைபிடியைக் கியர்ப் பெட்டியிற் பிணைக்கும் ஆணிகளையும் போகத்தின்போது வாரமொருமுறை இறுக்குக. ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிவிட்டால் புதியது இடுக. ஆணித் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பின் எவ்வளவு இறுக்கினும் நில்லாது. துளையைச் சீர்செய்தே தீரவேண்டும். கைபிடிக் குழாயில் வெடிப்பு உளதோவென ஒட்டுப்போட்ட இடங்களைத் துடைத்துப் பார்க்குக.

பெல்ட்டுகள் இரண்டு மூன்று இருக்குமிடத்து, ஒன்றை மட்டும் மாற்றாது எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுக. பழையதும் புதியதும் கலந்தால் இழுப்பு ஒவ்வாது. கப்பிகள் இரண்டும் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்பதை ஒரு நேரான சட்டத்தை வைத்து அறியலாம். பெல்ட்டின் இறுக்கம் இயந்திரக் கையேட்டிற் கூறிய அளவாக இருத்தல் வேண்டும்.

உழும் கத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணிற் புகும்படி ஒழுங்குமுறையில் அமைக்கப்பட்டவை. ஒரு கத்தி முறிந்தாலும், இடக்கத்தியை வலப்புறத்திற் பூட்டினாலும் அவ்வொழுங்கு குலைந்து இயந்திரம் குதிக்கும். கழற்றுமுன் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துக்கொள்க. தண்டிற் சுற்றிய வைக்கோலையும் கயிற்றையும் அன்றன்றே அகற்றுக.

இரு டயர்களிலும் காற்று ஒரே அளவாக இருத்தல் வேண்டும். சேற்றுக்குரிய இரும்புச் சில்லைப் பூட்டியபடி தார் வீதியில் ஓட்டுதல் கைக்கும், கியர்ப் பெட்டிக்கும், வீதிக்கும் கேடாகும்.

5. மண்ணும் வேகமும்

காய்ந்து இறுகிய நிலத்திற் கத்தி மோதும்போது அதிர்ச்சி நேரே கைக்கு வரும். நெல்வயலை உழுமுன் நீர் கட்டி ஊறவிடுக. மரக்கறி நிலத்தை, மண்ணைப் பிடித்துப் பார்த்தால் உருண்டையாகி, விரலால் அழுத்த உதிரும் பதத்தில் உழுக. கற்களை முன்னரே பொறுக்கிவிடுக. ஒரே தடவையில் ஆழமாக உழாது, முதலில் மேலாகவும் பின்னர் ஆழமாகவும் உழுதல் நன்று. தீந்தையால் அடையாளமிட்ட வேகத்தைத் தவிர்த்து, அதற்குச் சற்று மேலாகவோ கீழாகவோ வைத்து வேலை செய்க.

6. றப்பர் இடுதல்

மேற்கூறிய யாவற்றையும் செய்தபின்னரே றப்பரைப் பற்றி எண்ணுதல் வேண்டும். கைபிடி பிணையும் இடத்தில் தகுந்த றப்பர்த் துண்டுகளை இடுவதனால் அதிர்வைக் குறைக்கலாம். இந்தியாவின் கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளரும் கை உழவு இயந்திரத்தில் அதிர்வுத் தடுப்பான்களைப் பொருத்தி, உழுபவரின் களைப்புக் குறைவதைக் கண்டனர். ஆனால் எந்த றப்பரும் உதவும் என்பதில்லை. மிகக் கடினமான றப்பர் பயன் தராது. தன்மை பொருந்தாதது அதிர்வைக் கூட்டவுங் கூடும். மிக மென்மையானதோ வரம்போரத்திற் கைபிடி கட்டுக்கடங்காமல் அசையச் செய்யும். ஆகவே இயந்திரத்தின் இனத்திற்குரிய துண்டையே வாங்குக.

பழைய சைக்கிள் டியூப்பைக் கைபிடியிற் சுற்றுதல் பெரிதும் உதவாது. கைபிடி தடித்துவிட்டால் அதனை மேலும் இறுக்கிப் பிடிக்க நேரும். இறுக்கிப் பிடிக்குந்தோறும் அதிர்வு கையினுள் மிகுதியாகச் செல்லும். தடித்த கையுறைகளும் எஞ்சினின் இத்தகைய மெதுவான உலுக்கலைச் சிறிதளவே தடுக்கும். எனினும் கையை உலர்வாகவும் சூடாகவும் வைத்திருக்க அவை உதவும்.

7. வேலை நேரத்தை வகுத்தல்

2002 இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டளையின்படி, எட்டு மணித்தியால வேலைக்குக் கையதிர்வு செக்கன் வர்க்கத்திற்கு 2.5 மீற்றரை எட்டினால் அதனைக் குறைக்க நடவடிக்கை எடுத்தல் வேண்டும். 5 மீற்றரைத் தாண்டலாகாது. இவ்வளவுகளை நாம் வயலில் அளக்க இயலாதெனினும் அதன் கணக்கு நமக்குப் பயன்படும். அதிர்வு இருமடங்கானால், அதே தீங்கு நான்கில் ஒரு பங்கு நேரத்திலேயே உண்டாகும். எட்டு மணித்தியாலம் 2.5 மீற்றர் அளவில் வேலை செய்வதும், இரண்டு மணித்தியாலம் 5 மீற்றர் அளவில் வேலை செய்வதும் கைக்கு ஒன்றே. அதிர்வைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு நேரம் உழலாம். ஒரு தளர்ந்த ஆணியை இறுக்குவதன் பெறுமதி இதுவே.

ஆதலால் இருவர் முறைவைத்து ஓட்டுக. மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கையை விட்டு விரல்களை அசைத்துச் சூடாக்குக. கைபிடியைக் கட்டுப்பாட்டுக்குப் போதிய அளவே பற்றுக. மார்கழி, தை மாதக் காலைக் குளிரில் வெறுங்கையுடன் தொடங்காதிருத்தல் நன்று. புகைத்தல் விரல்களின் இரத்தவோட்டத்தைக் குறைப்பதால் அதனை விலக்குக.

8. மோட்டார் சைக்கிள் உடையோர்க்கு

மரக்கறிக் கூடையுடன் மோட்டார் சைக்கிளிற் சந்தைக்குச் செல்வோர்க்கும் இம்முறைகள் பொருந்தும். எஞ்சின் ஆணிகள், கைபிடி ஆணிகள், முன்கவையின் மேலுள்ள போல்பெயரிங், சங்கிலியின் இறுக்கம், டயர்க் காற்று ஆகியவற்றை இவ்வொழுங்கிற் பார்க்குக. இவை சீராக இருந்தும் ஒரு குறித்த வேகத்திற் கைபிடி அதிருமாயின், கைபிடியின் இரு முனைகளிலும் அதற்கென விற்கப்படும் எடைக்கட்டிகளைப் பூட்டலாம். எடை கூடியதும் கைபிடியின் ஆடும் வேகம் குறைந்து, எஞ்சினின் வேகத்தோடு ஒவ்வாது போகும். ஆயினும் தளர்ந்த ஆணியை எடைக்கட்டி இறுக்காது. அதனை மறைக்கவே செய்யும்.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

விறைப்பு மறுநாட் காலையிலும் நீங்காதிருப்பின், அல்லது விரல் வெளிறினால், தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. அங்கே உழவு இயந்திரம் ஓட்டும் தொழிலையும், நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் ஓட்டுவதென்பதையும் வைத்தியரிடம் மறவாது கூறுக. கூறாவிடின் வேறு நோயெனக் கருதப்படலாம்.

போகந் தொடங்குமுன் ஒரு நாளை இயந்திரத்தைச் சீர்செய்வதற்கென ஒதுக்குக. தேய்ந்த கத்திக்கும் அறுந்த பெல்ட்டுக்கும் மாற்று கடையில் உண்டு. நாற்றுப் பிடிக்கும் விரலுக்கு மாற்று இல்லை. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.