கடைசிப் பக்கத்தை எடுத்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கதையில் ஆயிரத்து நூறு சொல் இருக்கிறது, பதிப்பகத்தில் பாதியை வெட்டச் சொல்கிறார்கள், கடைசிப் பக்கத்து நீதியையும் எடுக்கச் சொல்கிறார்கள், அதனால் சேமிப்பைப் போட்டு நானே அச்சடிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் நாலு கலர் ஆஃப்செட்டில் கொஞ்சம் பிரதி போட்டால் கட்டுப்படியாகாது. நிறையப் போட்டால் கடைகடையாக ஏறி இறங்க ஆள் வேண்டும். உன் அப்பாவின் வியாபாரத்துக்குப் பிறகு, நம் வீட்டில் யாராவது சேமிப்பை எடுக்கிறேன் என்றாலே எனக்குப் பதறுகிறது. அது கிடக்கட்டும், கதைக்கு வருகிறேன்.

படப் புத்தகத்தில் எழுத்து பாதி வேலைதான் செய்ய வேண்டும். பச்சைச் சட்டை போட்ட பொன்னி மழையில் நனைந்தபடி மல்லேஸ்வரம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். சட்டை, மழை, நிறுத்தம் எல்லாவற்றையும் ஓவியர் வரையத்தானே போகிறார்? வந்த இரண்டு பேருந்தை அவள் ஏன் விட்டாள் என்பதைப் படத்தால் சொல்ல முடியாது, அதை மட்டும் நீ சொல். பாட் ஹட்சின்ஸின் 'ரோசீஸ் வாக்' (1968) மொத்தமே 32 சொல். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாப் போய் வருகிறது, அவ்வளவுதான் வாசகம். பின்னாலேயே பதுங்கி வரும் நரி படத்தில் மட்டும் இருக்கிறது, எழுத்தில் அதன் பேச்சே இல்லை. அதனால் எழுத்து தெரியாத குழந்தைக்குப் படித்துக் காட்டும் பெரியவரைவிட அதிகம் தெரிந்துவிடுகிறது. 'நரி வருது' என்று கத்துவது அதுதான். ஆசிரியரே எழுதியிருந்தால் அந்தக் கத்தலைப் பிடுங்கியிருப்பார். மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) புத்தகத்தில் பக்கம் திருப்பத் திருப்பப் படம் பெரிதாகிறது. பூதங்கள் கூத்தடிக்கும் இடத்தில் அடுத்தடுத்த மூன்று இரட்டைப்பக்க விரிப்புகளில் ஒரு சொல்கூட இல்லை. சொல் கிடைக்காமலா விட்டார்?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கமாக நிறைய எழுத்து வேண்டும் என்பாய். நீ இருக்கும் பெங்களூரில் 2004 முதல் இயங்கும் பிரதம் புக்ஸ், வாசிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கான முதல் நிலைக் கதைகளை 250 சொல்லுக்குள் வைக்கிறது. 2015இல் அவர்கள் தொடங்கிய ஸ்டோரிவீவரில் எல்லாம் இலவசம், உட்கார்ந்து படித்துப் பார். பஞ்சதந்திரத்தில் நீதி இல்லையா என்றும் கேட்பாய். அவை சொல்லக் கேட்ட கதைகள். சொல்பவரின் கையும் கண்ணும்தான் அங்கே படம், நீதியும் அந்தக் குரலோடு போய்விடும். அச்சில் அது தனியாக நின்று குழந்தையை மிரட்டுகிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்காமல் நம் வீட்டில் எந்தக் கதையும் முடிந்ததில்லை. பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுச் சரியான பதிலைத் தேடினார்கள். அந்த வழக்கம் உங்கள் தாத்தாவோடு போகட்டும். பெற்றோர் நீதியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் மறுபடியும் படி என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவது குழந்தை.

வெட்டுவதற்கு முன் எட்டுத் தாளை மடித்து நடுவில் பின் அடி, 32 பக்க டம்மி கிடைக்கும். அச்சகக் கணக்கில் 16 பக்கப் பாரம் இரண்டு. தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போக உனக்கு மிஞ்சுவது பதினான்கு விரிப்புதான். ஒவ்வொன்றிலும் படத்தைக் கோட்டுருவாகவாவது போட்டுவிட்டு, அதற்குப் பிறகும் தேவைப்படும் வரியை மட்டும் எழுது. பக்கத்தைத் திருப்பும் இடத்தில் குழந்தைக்கு அடுத்து என்ன என்று இருக்க வேண்டும். உன் ஏழாம் பக்கத்தில் பொன்னி குடையை யாருக்குக் கொடுத்தாள் என்று அங்கேயே சொல்லிவிடுகிறாய். அதை எட்டாம் பக்கத்துப் படத்துக்கு விடு.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நம் குடும்பத்தில் இப்படி எழுத வந்தவள் நீ ஒருத்திதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ எதைச் செய்தாலும் முதல் பிரதி எனக்குத்தான், பத்துப் பிரதி காசு கொடுத்தும் வாங்குவேன். நேரத்துக்குச் சாப்பிடு. சேமிப்பை மட்டும் இப்போது தொடாதே. டம்மியை எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை அந்தப் பதிப்பாசிரியரைப் போய்ப் பார்.

உன் சித்தி